விளக்குக்குப் பின்னாடி போய்ப் பாருங்க!

ஒரு காரை முழுசாகப் பார்க்கணும் என்றால் ஷோரூமுக்குப் போகலாம். அக்கு வேறு ஆணி வேறாகப் பார்க்கணும் என்றால்..? புதுப்பேட்டைக்கு வாங்க!

எழும்பூரில் இறங்கி நடந்தாலே போதும். ஆதித்தனார் சாலையை நெருங்கும்போதே மூக்கு வழி சொல்லிவிடும். துரு, கிரீஸ், பழைய இன்ஜின் ஆயில்... மூன்றும் கலந்த ஒரு வாசனை. ஒரு கடையில் கதவுகள் மட்டும் புத்தகம் மாதிரி வரிசையாக நிற்கும். அடுத்த கடையில் கியர்பாக்ஸ் மட்டும். அதற்கடுத்ததில் கண்ணாடி. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஹெட்லைட்டுகள் உங்களையே முறைத்துப் பார்க்கும்.

செல்வராகவன் 2006-ல் எடுத்த படத்தை நினைத்துக்கொண்டு, 'புதுப்பேட்டைன்னாலே அருவாதான்' என்று பயந்தீர்கள் என்றால், அந்தப் பயத்தை வாசலிலேயே கழற்றி வையுங்கள். இங்கே எல்லோர் கையிலும் இருப்பது ஸ்பானர்தான்!

நான் ட்ரிபிள்-ஈ படிக்கிறேன். இந்த வாரம் உங்களுக்காக நான் ஒட்டிக்கொண்டது ஒரு கார் எலெக்ட்ரீஷியனோடு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட ஷெட் வைத்திருக்கிறார். "பேரெல்லாம் போடாத தம்பி. அப்புறம் பொண்ணு மாப்ளயெல்லாம் கிண்டல் பண்ணுவாங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டதால், ஏரியாவே கூப்பிடுவது மாதிரி நாமும் அவரை 'பாய்' என்றே கூப்பிடுவோம்.

பாய் செய்வது எல்லா வயரிங் வேலையும் அல்ல. பழைய கார்களின் முன்னால் தனியாக மாட்டியிருக்கும் ஃபாக் லேம்ப், ஸ்பாட் லேம்ப் மாதிரியான விளக்குகளைப் பிரித்து, பழுது பார்த்து, புது ஒயர் போட்டு, மறுபடி எரிய வைப்பதில்தான் ஸ்பெஷலிஸ்ட்!

ஒட்டுப் போட்ட விளக்கு

இந்த விளக்குகளுக்கு ஏன் தனியாக ஒரு டாக்டர் வேணும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பிளாஷ்பேக் போகலாம்.

கார் பிறந்த காலத்தில் வெளிச்சம் என்பது மண்ணெண்ணெய்தான். அப்புறம் வந்தது கார்பைடு விளக்கு. கால்சியம் கார்பைடு கல் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அசிட்டிலின் வாயு கிளம்பி எரியும். அமெரிக்காவில் 1912-ம் வருஷத்து காடிலாக்-ல் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் எலெக்ட்ரிக் விளக்கும் சேர்ந்தே வந்தன. 1915-ல் ஃபோர்டு மாடல் டி-க்கும் எலெக்ட்ரிக் ஹெட்லைட் வந்தது. ஆனால், கரன்ட் நேராக இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டோவிலிருந்து. வேகமாகப் போனால் விளக்கு பளிச், மெதுவாகப் போனால் மங்கல். இருட்டில் பயந்து வேகத்தைக் குறைத்தால் இருட்டு இன்னும் கூடும். எப்படி டிசைன்!

ஆக, கம்பெனி கொடுத்த வெளிச்சம் யாருக்குமே போதவில்லை. கடையில் வாங்கித் தனியாக விளக்கு மாட்டிக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வந்தது. இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி இந்த வியாபாரத்தில் பெரிய கை. பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெய் விற்றுக்கொண்டிருந்த ஜோசப் லூகாஸ், 1879-ல் சைக்கிளுக்காக ஒரு விளக்கு செய்து அதற்கு 'கிங் ஆஃப் தி ரோடு' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பிற்பாடு கார் விளக்குகளிலும் ஏறியது. ஆனால், ஊரெல்லாம் பழைய கார் பிரியர்கள் லூகாஸுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர், 'இருட்டின் இளவரசன்'!

சென்னைக்காரர்களுக்கு லூகாஸ் அந்நியமில்லை. 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையால் பாடியில் பஸ் ஸ்டாப்பிங்குக்கே 'லூகாஸ்' என்றுதான் பெயர். கண்டக்டர் கத்துவதைக் கேட்டிருப்பீர்களே!

"ஆக்சஸரின்னா என்னா தம்பி? அப்புறமா ஒட்டுப் போட்டது. காரை டிசைன் பண்ணவன் கணக்குல இந்த விளக்கு கிடையாது. ஒயர் அதுக்குப் போட்ட ஒயர் கிடையாது. ஃப்யூஸும் கிடையாது. யாரோ ஒரு மெக்கானிக், ஏதோ ஒரு வருஷம், கையில கிடைச்ச ஒயர இழுத்துக் குடுத்திருப்பான். அங்கதான் பிரச்னையே" என்கிறார் பாய்.

குன்னூரிலிருந்து வந்த கார்

ஷெட்டில் இப்போது நிற்பது ஒரு மாரிஸ் மைனர். அறுபது வயதுக்கு மேலாகும். குன்னூரிலிருந்து லாரியில் ஏறி வந்திருக்கிறது. ஓனர், ரிட்டயர்டு வாத்தியார். கார் அவருடைய அப்பா வாங்கியது. முன்னால் இரண்டு ஃபாக் லேம்ப். அதுவும் அப்பா காலத்தில் மாட்டியதுதான்.

ஊட்டி, குன்னூர் பக்கம் மழைக்காலத்தில் போயிருக்கிறீர்களா? சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தாண்டி எதுவும் தெரியாது. அப்படி ஒரு சாயங்காலம் மனைவியும் பேத்தியும் காரில் இருக்க, ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டு ஃபாக் லேம்ப்பும் பொசுக்கென்று அணைந்துவிட்டன. டேஷ்போர்டுக்குக் கீழே ரப்பர் கருகும் நாற்றம். எதிரே பஸ் ஏறிவரும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பேட்டரி ஒயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்திருக்கிறார்.

"கார் எரிஞ்சிருந்தாகூடப் பரவால்ல. அந்தப் புள்ள பின் சீட்ல தூங்கிட்டு இருந்துச்சு" என்று போனில் சொன்னபோது அவர் குரலில் இன்னும் நடுக்கம் இருந்தது. அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம். விளக்கு எரியணும், அது அப்பா மாட்டிய விளக்காகவும் இருக்கணும்.

இந்த இரண்டாவது விஷயத்தால்தான் நாம் புதுப்பேட்டைக்கு வந்தது. ஒரு விளக்கின் முன் வளையம் நசுங்கிவிட்டது. அதே அளவு வளையம் வேண்டும்.

காந்தம், பில், டீ!

நான்கு கடை ஏறி இறங்கி, மூன்று டீ குடித்த பிறகு சிக்கியது. அதற்குள் பாய் எனக்கு எடுத்த பாடம் இதோ, உங்களுக்கும்.

ஒன்று, பாக்கெட்டில் ஒரு சின்ன காந்தம். 'அசல் பித்தளை சார்' என்று நீட்டினால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. இரண்டு, கண்ணாடியில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். லூகாஸ் விளக்கில் மாடல் நம்பர் அங்கேயே இருக்கும். எஸ்.எஃப்.டி. 576 என்றால் ஃபாக் லேம்ப். எஸ்.எல்.ஆர். 576 என்றால் தூரம் அடிக்கும் விளக்கு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. கண்ணாடி வேற, வேலை வேற. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றுக்கு ஒன்று மாற்றி ஜோடி சேர்த்து விற்பவர்கள் உண்டு. மூன்று, பில் கேளுங்கள். பில் தரத் தயங்கினால், அந்த பார்ட் எங்கிருந்து வந்தது என்று நீங்களும் தயங்குங்கள்.

அங்கிருந்து அண்ணா சாலை தாண்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. நம்ம ஜி.பி. ரோடு! புதுப்பேட்டை பழசுக்கு என்றால் ஜி.பி. ரோடு புதுசுக்கு. ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், ரப்பர் புஷ் எல்லாம் இங்கே. சால்டரிங் சாமான்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். ப்ராஜெக்ட் செய்யும் உங்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி நான் சொல்லணுமா என்ன! கடைசியாக மோட்டார் காயில் கட்டும் கடையில் நூல் ஸ்லீவ் கொஞ்சம். அது எதற்கு? ஷெட்டுக்கு வாங்க, சொல்றேன்.

பிரிச்சு மேயலாம்

விளக்கைத் திறந்ததும் பாய் முதலில் தொடாமல் இருந்தது ரிஃப்ளெக்டரை. உள்ளே வெள்ளி முலாம். காற்றுப்பட்டு லேசாகக் கறுத்திருந்தது.

"விரல் வைக்காத தம்பி. ரேகை அப்படியே பதிஞ்சுடும். பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ச்சியோ, முலாமே போயிடும்."

'எதற்கு வம்பு, பம்பருக்குப் போடுகிற குரோமை இதற்கும் போட்டால் கறுக்கவே கறுக்காதே' என்று தோன்றும். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். பார்க்க ஜொலிக்கும், வெளிச்சம் மட்டும் வராது! வெள்ளி தன் மேல் விழும் ஒளியில் 90 சதவிகிதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். குரோம் அனுப்புவது சுமார் 65 சதவிகிதம்தான். அதனால் ரிஃப்ளெக்டர் வெள்ளி முலாம் போடும் இடத்துக்கே போனது.

அடுத்து, ஒயர். பழைய ஒயரில் செம்புக்கு மேல் ரப்பர், அதற்கு மேல் நூல் பின்னல். மேலே பின்னல் நன்றாகத்தான் இருந்தது. பாய் அதை லேசாக மடித்தார். உள்ளே இருந்த ரப்பர் காய்ந்த முறுக்கு மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்து, செம்பு பல்லிளித்தது. விளக்கின் பின்பக்க ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லை. தகரத்தின் விளிம்பு வருஷக்கணக்காக ஒயரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாடியே எர்த். செம்பு தகரத்தைத் தொட்டால் ஷார்ட். ஃப்யூஸ் இல்லாத சர்க்யூட்டில் எது ஃப்யூஸாக வேலை செய்யும்? ஒயரேதான்! குன்னூரில் கருகியது அதுதான்.

புது ஒயர், பிளாஸ்டிக் இன்சுலேஷன் போட்டது. அதை நூல் ஸ்லீவுக்குள் நுழைத்தார் பாய். வெளியே பார்த்தால் அதே பழைய துணி ஒயர். உள்ளே இந்தக் காலத்து ஒயர். காயில் கடை ரகசியம் இதுதான்! அதிலும் கலர் மாறவில்லை. லூகாஸ் வழக்கப்படி ஹெட்லைட்டுக்கு நீலம், சைடு லைட்டுக்கு சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. 'நாளைக்கு இன்னொருத்தன் திறந்தா அவனுக்குப் புரியணும்ல' என்பது பாய் கணக்கு.

ஒரு சின்ன டிப்ஸ். சால்டர் வைத்த இடத்தில் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும். கார் குலுங்கக் குலுங்க, விறைப்பு முடியும் இடத்தில்தான் ஒயர் முறியும். அதனால் சால்டர் வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிளிப் போட்டு ஒயர் ஆடாமல் பிடிக்கணும். இன்டர்னலுக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்!

ஒரு பேப்பர், ஒரு பென்சில்

இப்போதுதான் என் பக்கம் திரும்பினார் பாய். "இன்ஜினீயர் தம்பி, லோடு கணக்கு போடு."

போட்டோம். இந்த கார் 12 வோல்ட். டைனமோ நல்ல வேகத்தில் கொடுப்பது சுமார் 20 ஆம்பியர். இரண்டு ஹெட்லைட், 42 வாட்ஸ் வீதம் 84 வாட்ஸ். சைடு, டெயில் எல்லாம் சேர்த்து ஒரு 30. இக்னிஷன் காயில் ஒரு 45. கூட்டினால் ஏறக்குறைய 160 வாட்ஸ், 12-ஆல் வகுத்தால் 13 ஆம்பியர் சொச்சம். இதன் மேல் 48 வாட்ஸ் ஃபாக் லேம்ப் இரண்டு என்றால் இன்னும் 8 ஆம்பியர். மொத்தம் 21. வரவு எட்டணா, செலவு பத்தணா! வைப்பரை இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு, மலையில் மெதுவாக ஊர்ந்தால் டைனமோ கொடுப்பது இன்னும் குறையும். மிச்சத்தை பேட்டரி தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

விடை சிம்பிள். பனிமூட்டத்தில் ஹெட்லைட்டின் தூர வெளிச்சத்தைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அங்கே அது தேவையே இல்லை. அதனால் தூர வெளிச்சம் போட்டால் ஃபாக் லேம்ப் தானாக அணைகிற மாதிரி ஒரு ரிலே. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். இரண்டும் வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்துகொண்டன. 6 வோல்ட் கார்கள் என்றால் இந்த அவஸ்தை இரட்டிப்பு. அதே வாட்ஸுக்கு இரு மடங்கு ஆம்பியர், அதற்கேற்ற தடி ஒயர்.

எல்.இ.டி. போட்டா என்ன?

நீங்கள் இதைக் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். 48 வாட்ஸ் இழுக்கும் இடத்தில் 10 வாட்ஸ் எல்.இ.டி. போட்டால் மொத்தப் பிரச்னையும் காலி!

பாய் மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு எல்.இ.டி. பல்பை எடுத்து, ஹோல்டரில் மாட்டி, பேட்டரியில் கொடுத்தார். எரியவில்லை. ஏன்? அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ். சாதா பல்புக்குத் திசை கிடையாது. எல்.இ.டி-க்கு உண்டு. ஒயரை மாற்றிக் கொடுத்ததும் பளீரென்று எரிந்தது. விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பினார். சுவர், கூரை, மாடியில் காயும் லுங்கி வரை வெளிச்சம் தெறித்தது.

அடுத்து அதே விளக்கில் பழைய மாடல் பல்பு. சுவரில் தட்டையாக, அகலமாக ஒரு வெளிச்சப் பட்டை. அதற்கு மேலே இருட்டு. பல்பின் இழை ரிஃப்ளெக்டரின் குவியத்தில் சரியாக உட்கார்வதால்தான் இந்த ஒழுங்கு. எல்.இ.டி-யின் சிப் அந்த இடத்தில் உட்காரவில்லை. பனிமூட்டத்தில் மேலே தெறிக்கும் வெளிச்சம் டிரைவர் கண்ணுக்கே திரும்பி வரும்.

"டெயில் லேம்ப்புக்கு நானே எல்.இ.டி. போட்டுக் குடுப்பேன். பின்னாடி வர்றவனுக்குத் தெரிஞ்சா போதும். இது வழி பாக்குற வெளக்கு தம்பி" என்றார்.

சட்டமும் பழைமையை மதிக்கச் சொல்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய கார்களையும் டூ-வீலர்களையும் 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். சேஸி, பாடி, இன்ஜின் எல்லாம் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். விளக்கைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை. ஆனால், பாய்க்கு ஒரு சொந்த விதி இருக்கிறது. 'கரன்ட் போற வழியெல்லாம் புதுசா இருக்கணும். கண்ணுல படுறதெல்லாம் பழசா இருக்கணும்.'

10.2... 12.1!

வேலையைத் தொடங்கும் முன், தற்காலிகமாக ஒட்டுப் போட்டு விளக்கை எரியவிட்டு மல்டிமீட்டரில் அளந்திருந்தோம். பேட்டரி முனையில் 12.4 வோல்ட். விளக்கில் 10.2. நடுவில் 2.2 வோல்ட் காணோம்! பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்க்கோட்டில் குறையாது. ஏறக்குறைய மூன்றரை மடங்கு அடுக்கில் சரியும். இந்த 2.2 வோல்ட் போனால் வெளிச்சத்தில் பாதி போச்சு. போன வோல்ட் சும்மா போகவில்லை. துருப்பிடித்த எர்த் போல்ட்டிலும் இற்றுப்போன ஒயரிலும் சுமார் 16 வாட்ஸ் சூடாக மாறிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்த மாதிரி!

ஞாயிறு ராத்திரி எட்டரை மணி. எர்த் போல்ட்டைச் சுரண்டி, பெயின்ட் நீக்கி, தனி எர்த் ஒயர் போட்டு, வெள்ளி முலாம் ஏறி வந்த ரிஃப்ளெக்டரை மாட்டி, புதுப்பேட்டை வளையத்தை முடுக்கியாச்சு. பாய் சுவிட்சைத் தட்டினார். சந்தின் கடைசி வீட்டு வாசல் கோலம் வரைக்கும் தெரிந்தது. மீட்டரில் 12.1.

வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பேத்திதான் கேட்டாள். "தாத்தா, இனிமே அணையாதுல்ல?"

"அணையாதுடா கண்ணு. அணைஞ்சாலும் ஃப்யூஸ்தான் போகும். ஒரு ரூபா சமாச்சாரம்" என்றார் பாய்.

சரி, இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? பாயிடம் வேலை கற்றுக்கொள்ள இப்போது ஒருவரும் இல்லை. வருகிற பையன்கள் ஸ்கேனர் மாட்டி ஃபால்ட் கோடு பார்க்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதில் தப்பில்லை, சம்பளம் அங்கேதான். ஆனால், நம் லேபில் மூன்று வருஷம் பார்க்கும் ஓம்ஸ் விதி, வோல்டேஜ் டிராப், ரிலே எல்லாம் ஒரு சந்துக்குள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு மல்டிமீட்டரோடு போய் நின்றால், இப்படி ஒரு ஷெட்டில் யாரும் விரட்ட மாட்டார்கள். டீ மட்டும் நீங்கள் வாங்கித் தரணும்.

அதற்கு நேரமில்லையா? கோவை அவினாசி சாலையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியம், சென்னையில் 2023-ல் திறந்த ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியம், அல்லது ஏதாவது ஒரு வின்டேஜ் ராலி... எங்கே பழைய காரைப் பார்த்தாலும் எல்லோரும் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் மட்டும் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு விளக்குக்குப் பின்னாடி எட்டிப் பாருங்கள். ஒயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ் இருக்கிறதா?

இருந்தால், அந்த காருக்கு எங்கோ ஒரு பாய் இருக்கிறார்!